தாழப் போகிற பந்து

கடைக்காரர் கொமுரோ அந்த டென்னிஸ் ராக்கெட்டைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்தார்.

"எங்க இருந்து எடுத்தீங்க? பூச்சி உருண்டை வாசம் தூக்குது."

"குளிர்கால கோட்டுங்களுக்கு நடுவுல கிடந்துச்சு," என்றாள் ததெனோ தோமோயே.

"இதுக்கா நரம்பு போடணும்? நீங்க வழக்கமாப் போடுற மெத்து நரம்புதானே?"

"இல்ல. பாலியெஸ்டர். இறுக்கமா."

கொமுரோவின் பார்வை அவளுடைய வலது முழங்கைக்குக் கீழே இருந்த கறுப்புப் பட்டியில் ஒரு கணம் நின்று, பிறகு மரியாதையாக வேறு பக்கம் போனது. வெளியே கடைவீதியின் கண்ணாடிக் கூரைமேல் ஜூன் மாத மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க டாக்டர் என்னைத்தான் திட்டுவார்."

"அவர் டென்னிஸ் ஆடமாட்டார்."

"அதான் அவர் முழங்கை நல்லா இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். அவர் ராக்கெட்டின் முகத்தில் விரலை ஓட்டினார். பழைய நரம்புகள் மஞ்சளாகி, சந்திகளில் பொடி உதிர்ந்தது.

"ஸ்லைஸுக்காகவா?"

தோமோயே தலையசைத்தாள். இதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது கூச்சமாக இருந்தது. நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி, ஒரே ஓர் அடிக்காக மருத்துவர் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

"இப்ப நீங்க ஆடுறது லேசான ராக்கெட், பெரிய முகம். மெத்து நரம்பு வேற. மேல இருந்து கீழ வெட்டுறீங்க. பந்து அந்த வலைக்குள்ள அமுங்கி, ஊஞ்சல்ல உட்கார்ந்த மாதிரி மேல எழும்பிடுது. ராக்கெட்டும் பந்து பட்டதும் கையில திரும்பிக்குது. உங்க வெட்டுல ஒரு தப்பும் இல்ல, ததெனோ சான்."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவள் வந்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்கே அந்த வாக்கியம் காதில் விழுந்தபிறகுதான் தெரிந்தது. உள்ளே எங்கோ இரண்டு வருடமாக மடங்கிக் கிடந்த ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இது கனம். அசையாது," என்று அவர் பழைய ராக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். "கண்ணியும் நெருக்கம். கெட்டி நரம்பு போட்டா பந்து தாழத்தான் போகும். ஆனா ஒவ்வொரு அடியும் நேரா முழங்கைக்கு வந்து சேரும். நரம்பும் நாள்பட நிக்காது, சீக்கிரம் செத்துப்போயிடும்."

"எனக்கு இந்த ஞாயித்துக்கிழமை போதும்."

கொமுரோ பழைய நரம்புகளைக் கத்தரித்தார். ராக்கெட்டை இயந்திரத்தில் மாட்டினார்.

*

தோமோயேயிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அந்த ஓர் அடி மட்டும்தான். சர்வ் சுமார். ஓட்டம் எப்போதுமே மெதுவு. ஆனால் இடது பக்கம் வருகிற பந்தை அவள் வெட்டி அனுப்பினால், அது வலையை உரசுவதுபோலக் கடந்து, மணல் தூவிய செயற்கைப் புல்லில் வழுக்கி, எழும்பாமலே செத்துவிடும். அவர்கள் ஊரான தொயாமாவில் பெரும்பாலான ஆடுகளங்கள் அந்தத் தரைதான். எதிரில் நிற்பவள் குனிந்து, தரையைச் சுரண்டி, எப்படியோ பந்தைத் தூக்கிவிடுவாள். தூக்கிய பந்து வலைக்கு மேலே பழம்போல வந்து நிற்கும். அங்கே மசுமி இருப்பாள்.

மசுமி இரட்டையர் ஆட்டத்தில் அவளுடைய ஜோடி. ஐந்து வயது இளையவள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. மகன்கள் இருவரும் மழலையர் பள்ளியில் இருந்தபோது டென்னிஸ் சங்கத்தில் சேர்ந்தாள். இப்போது மூத்தவன் அவளைவிட உயரம். வலையருகே நிற்பவள் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னாலிருந்து ஜோடிக்காரி அடிப்பதை அவள் காதால்தான் கேட்க வேண்டும். மசுமி அதை இப்படிச் சொல்வாள்:

"முள்ளங்கி வெட்டுற சத்தம் கேட்டா நான் கிளம்பிடுவேன். கண்ணை மூடிட்டுக்கூடப் போவேன்."

அப்படித்தான் போனாள். முள்ளங்கி வெட்டுகிற சத்தம். இரண்டு எட்டு முன்னால். அவ்வளவுதான், புள்ளி முடிந்தது. தோமோயேக்குத் தன் அடி நன்றாக விழுந்ததைவிட, அது விழுமுன்பே மசுமியின் முதுகு முன்னால் சாய்வதைப் பார்ப்பதுதான் பிடித்திருந்தது. நான் செய்யப்போகிற ஒன்றை, அது நடப்பதற்கு முன்பே நம்பி ஒருத்தி கிளம்புகிறாள். கணவரோ மகளோ அவளை அப்படி நம்பியதாக அவளுக்கு நினைவில்லை. அவர்கள் அன்பானவர்கள்தான். கணவர் செந்தாயில் வேலை மாற்றலாகித் தனியாக இருக்கிறார், வாரம் ஒருமுறை தொலைபேசியில் துணி துவைப்பதைப் பற்றிக் கேட்பார். மகள் தோக்கியோவில். அவர்கள் இருவரும் அவள் எதையாவது செய்து முடித்த பிறகு நன்றி சொல்வார்கள்.

முழங்கை போனது இரண்டு வருடத்துக்கு முன்னால். தேநீர்க் கெண்டியைத் தூக்க முடியாமல் போனது. மருத்துவர் சொன்னபடி லேசான ராக்கெட்டும் மெத்து நரம்பும் வாங்கினாள். வலி குறைந்தது. சத்தம் மாறியது. பந்து பட்டால் 'பொத்' என்று, தலையணையைத் தட்டுவதுபோல. வெட்டு அதே வெட்டுதான். ஆனால் பந்து மிதந்தது.

ஒருநாள் அப்படி மிதந்த பந்தை எதிரிலிருந்தவள் ஓங்கி அறைந்தாள். அது வலையருகே நின்ற மசுமியின் கன்னத்தெலும்பில் விழுந்தது. இரண்டு வாரம் நீலம் பூத்துக் கிடந்தது. தோமோயே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"தோன்மாய், தோன்மாய்," என்றாள் மசுமி, பனிக்கட்டிப் பையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு. கவலைப்படாதே என்று ஆடுகளத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற சொல். "எனக்கொண்ணும் இல்ல. தெருவே என் புருஷனைத்தான் முறைக்குது, பாவம் மனுஷன்."

அதன்பிறகும் தோமோயே எத்தனையோ பந்துகளை மிதக்கவிட்டாள். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் மசுமி தோன்மாய் என்றாள். சங்கத்தில் யாரும் ஜோடிக்காரியிடம் வேறு எதுவும் சொல்வதில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இந்த வசந்தத்தில் சங்கத்துக்குப் புதிதாக ஷிஹோ என்றொருத்தி வந்தாள். முப்பத்து மூன்று வயது. பல்கலைக்கழகத்தில் ஆடியவள். புதன்கிழமைகளில் மசுமி அவளோடு பயிற்சி செய்கிறாள் என்று தோமோயேக்கு மசுமியே சொன்னாள், ரொம்ப இயல்பாக, வெள்ளரிக்காய் விலையைச் சொல்வதுபோல. இலையுதிர்காலப் போட்டிக்கு யார் யாரோடு ஆடுவது என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டுமென்று சங்கத்தலைவி ஒகமோதோ கேட்டிருந்தாள்.

தோமோயேக்கு அதனால்தான் அந்த ஞாயிறு போதுமாக இருந்தது. மசுமி அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். காரணம் நானல்ல, நரம்பு என்று தெரிந்துவிடும்.

*

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. ஜின்சூ ஆற்றங்கரை ஆடுகளங்களில் மணல் ஈரமாக, பச்சை கறுத்துக் கிடந்தது. கொம்பு என்கிற கடற்பாசி சுற்றிய சோற்றுருண்டையை மசுமி பாதி பிய்த்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க. உங்க முகம் தேர்வு எழுதப்போற பிள்ளை மாதிரி இருக்கு."

"பசிக்கல."

"பழைய ராக்கெட்டு!" என்றாள் மசுமி, உறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து. முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே, "கை?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா."

எதிர் ஜோடி கனசாவாவிலிருந்து வந்தவர்கள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி ஊதாத் தொப்பி போட்டவள். வலைக்கு இருபுறமும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். ஒரே செட்.

நெட்டைக்காரி சர்வ் போட்டாள். பந்து தோமோயேயின் இடது பக்கம் வந்தது. அவள் தோளைத் திருப்பி, ராக்கெட்டை உயர்த்தி, வெட்டினாள்.

சர்க்.

முள்ளங்கி. ஈரமான, கனமான, முற்றிய முள்ளங்கி. வலி முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சூடான கம்பியாக இறங்கியது. அதைப்பற்றி நினைக்கவே அவளுக்கு நேரமில்லை. பந்து வலை நாடாவுக்கு ஒரு விரல் மேலே போய், மணலில் பட்டு, வழுக்கியது. நெட்டைக்காரி மண்டியிடுகிற அளவுக்குக் குனிந்தாள். அவள் ராக்கெட் தரையைச் சுரண்டியது. பந்து மெதுவாக எழும்பி வலையின் நடுவுக்கு மேலே வந்து நின்றது.

அங்கே யாரும் இல்லை.

பந்து மிதந்து வந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்து, மறுபடி எழும்பி, வெளியே உருண்டது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க!" என்றாள் மசுமி. "என்னுது அது!"

"தோன்மாய்," என்றாள் தோமோயே. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பாவம், எதிர்பார்க்கவில்லை. காது பழக வேண்டும். கிட்டே போய், "இனிமே இப்படித்தான் வரும். நீ முன்னால போ," என்றாள் மெல்ல.

"சரி. போறேன்."

அடுத்த முறை தோமோயே அடிப்பதோடு சேர்த்து மசுமியின் முதுகையும் பார்த்தாள். சர்க் என்ற சத்தம். மசுமியின் தோள்கள் முன்னால் துடித்தன. கால்கள் பின்னால் போயின. இரண்டு சிறு எட்டுகள். ராக்கெட் முகத்துக்கு முன்னால் உயர்ந்து கன்னத்தை மறைத்தது. பந்து மறுபடி பழமாக வந்து நின்று, யாரும் பறிக்காமல் விழுந்தது.

"மன்னிச்சிடுங்க."

"தோன்மாய். சத்தம் கேக்குதில்ல?"

"கேக்குது. நல்லாக் கேக்குது."

ஆட்டம் இரண்டு இரண்டு, மூன்று மூன்று என்று போனது. தோமோயே தன் வாழ்வில் அவ்வளவு நன்றாக வெட்டியதில்லை. ஒவ்வொன்றும் தாழப் போனது. பக்கத்துக் களத்தில் ஆட்டத்துக்குக் காத்திருந்த பெண்கள் 'ஓ' என்றார்கள். ஊதாத் தொப்பிக்காரி தன் ஜோடியிடம், "குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சுடி, நாளைக்கு எனக்கு லீவு சொல்லிடு," என்று முனகுவது இங்கே கேட்டது. எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. புள்ளிகள் மட்டும் வரவில்லை. தாழப் போகிற பந்துக்குத் தனியாக ஒரு பயனும் இல்லை. அது எதிரியைத் தூக்க வைக்கும், அவ்வளவுதான். தூக்கியதை முடிக்க முன்னால் ஒருத்தி வர வேண்டும். வராவிட்டால் இரண்டாவது பந்துக்கு எதிரிகள் நிமிர்ந்துவிடுவார்கள். நிமிர்ந்தார்கள்.

பக்கம் மாறும் நேரத்தில் மசுமி தண்ணீர் குடிக்கப் போனாள். தோமோயே வலையருகே தரையைப் பார்த்தாள். ஈர மணலில் கால் தடங்கள் தெளிவாக இருந்தன. மசுமி நின்ற இடத்திலிருந்து வலைப் பக்கமாக ஒரு தடம்கூட இல்லை. எல்லாம் குதிகால் அழுந்திய தடங்கள், பின்னோக்கி, ஒன்றின்மேல் ஒன்று. ஒரே இடத்தில் கட்டிப்போட்ட மிருகம் கயிற்றை இழுத்து இழுத்துத் தேய்த்த தரைபோல.

இது இன்று வந்த தடமல்ல என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் இது இங்கே இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பெரிய துடைப்பத்தை இழுத்துக்கொண்டு களத்தைச் சமன் செய்தபோது, அவளே தன் கையால் இதை அழித்திருக்கிறாள், பார்க்காமல்.

நரம்பை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கொமுரோவின் இயந்திரம் அதை எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அவ்வளவு இறுக்கும். அவள் தன் வெட்டில் தப்பில்லை என்று கேட்பதற்காக மழையில் போனாள். அது உண்மைதான். ஒரு தப்பும் இல்லை. அந்த உண்மை எவ்வளவு உபயோகமற்றது என்று இப்போது தெரிந்தது.

"தோமோயே சான், ஏன் கையைக் கக்கத்துல இடுக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள் மசுமி, தண்ணீர்ப் புட்டியை நீட்டி.

"குளிரு."

"குளிரா? எனக்கு வேர்த்து ஊத்துது."

நான்குக்கு ஆறு என்று தோற்றார்கள். கடைசிப் புள்ளியில் மசுமி முன்னால் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட கத்திக்கொண்டு ஓடினாள். ஆனால் ஒரு கணம் தாமதமாக. பந்து அவள் ராக்கெட் நுனியில் பட்டு வலையில் விழுந்தது.

*

இங்கே தோற்ற ஜோடிதான் அதே களத்தில் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். தோமோயே உயரமான இரும்பு நாற்காலியில் ஏறினாள். வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். மசுமி கீழே மடக்கு நாற்காலியில், எண்ணிக்கைப் பலகையின் இலக்கங்களைத் திருப்புவதற்காக. இருவரும் களத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

"பதினைந்து, சுழியம்," என்றாள் தோமோயே.

மசுமி பலகையைத் திருப்பினாள். பிறகு மேலே பார்க்காமலே சொன்னாள்.

"முதல் பந்துலயே தெரிஞ்சிடுச்சு எனக்கு. அழுகை வந்துச்சு, அந்தச் சத்தத்தைக் கேட்டதும்."

பந்து கோட்டுக்குள் விழுந்தது.

"போகணும்னுதான் நினைச்சேன். கால் கேக்கல. வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்த்திருக்கேன், சிரிக்காதீங்க. ராக்கெட்டை முகத்துக்கு முன்னாடி தூக்காம ஒரு எட்டு வைக்கணும்னு. கண்ணாடி முன்னாடி வருது."

"முப்பது, சுழியம். எப்போல இருந்து?"

"கன்னத்துல பட்டுச்சே, அதுக்கப்புறம்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்களுக்கு ஏற்கெனவே கை வலி."

கீழே ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி பேக்ஹேண்டை வெட்டினாள். மோசமான வெட்டு, பந்து பலூன்போல மிதந்தது. வலையருகே நின்ற அவள் ஜோடி அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் முன்னால் ஓடினாள். எதிரில் அறைந்த பந்து அவள் காதை உரசிக்கொண்டு போனது. "கொன்னுடுவ போலிருக்கே!" என்று திரும்பிக் கத்தி, சிரித்து, அடுத்த பந்துக்கும் அதே இடத்தில் போய் நின்றாள். தோமோயே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவர்?" என்றாள் சர்வ் போடுபவள், கையில் பந்தோடு.

"மன்னிக்கணும். முப்பது, பதினைந்து."

"இன்னும் கொஞ்சம் பழகினா..." என்று தோமோயே கீழ்நோக்கித் தொடங்கினாள். அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"எவ்வளவு நாள்?" என்றாள் மசுமி. முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "எனக்கு ஒரு வருஷம் ஆகும்னு வெச்சுக்குங்க. அந்த நரம்புல உங்க கை ஒரு வருஷம் தாங்குமா? இன்னிக்கே நீங்க இடது கையால ஏறினீங்க. நான் பார்த்தேன்."

தோமோயே வலது கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கை தாங்க வேண்டுமென்றால் மெத்து நரம்பு. மெத்து நரம்பு என்றால் பந்து மிதக்கும். மிதந்தால் மசுமியின் கால்கள் பின்னால் போவது நியாயம். எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்துக்கு வந்து நின்றது. அவள் எத்தனையோ இரவுகளில் நரம்புகளைப் பற்றி மட்டும் நினைத்திருக்கிறாள். கெட்டியா, மெத்தா, எவ்வளவு இறுக்கம். மசுமியின் கால்களைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை. தனக்கு முன்னால் நின்றவளை அவள் ஒரு முதுகாக மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"ஷிஹோவோட ஆடும்போது?" என்று கேட்டாள். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

மசுமி பலகையைப் பார்த்தாள். "போறேன்," என்றாள். பிறகு, "அவளை எனக்கு அவ்வளவாப் பிடிக்கல. வாயைத் திறந்தா தன் நாயைப் பத்தியே பேசுறா. ஆனா போறேன்."

சங்கத்தலைவி ஒகமோதோ குடையும் கையுமாகக் களத்தோரம் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் ரொம்பச் சிரமப்பட்டீங்க. நல்ல ஆட்டம், ததெனோ சான், அந்த ஸ்லைஸ் பார்த்து எனக்கே முதுகு வலிச்சுது. சரி, இலையுதிர்காலத்துக்கு வழக்கம்போலத்தானே?"

மசுமி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. நாற்காலி உயரத்திலிருந்து பார்க்கும்போது அவள் வகிட்டில் சில நரைமுடிகள் தெரிந்தன. தோமோயே அவற்றை இதற்குமுன் பார்த்ததில்லை.

"மசுமி ஷிஹோவோட ஆடுவா," என்றாள் தோமோயே.

"ஓ," என்றாள் ஒகமோதோ. "அப்படியா. அப்ப நீங்க?"

களத்தில் பந்து வலையில் பட்டு விழுந்தது. நால்வரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"முப்பது, முப்பது," என்றாள் தோமோயே.

ஒகமோதோ குடையை மறு கைக்கு மாற்றினாள். பிறகு லேசாகக் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த களத்துக்குப் போனாள். மசுமி பலகையைத் திருப்ப எழுந்தாள். இலக்கத் தகடு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. மறுபடி நெம்பினாள். கீழே சர்வ் போடுபவள் பந்தைத் தட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பலகை கிடக்கட்டும், நீங்க போடுங்க," என்றாள் தோமோயே மேலிருந்து. "நான் வாயால சொல்றேன்."